நூற்றித் தொண்ணூற்றாறு கிராம்

நோர்வூட் பசாரில் எட்டரை மணிக்கும்
என் ஷட்டர் மட்டும் இறங்கியே கிடந்தது.
நான் உள்ளேதான் இருந்தேன்.
நாலே முக்காலுக்கே வந்துவிட்டேன், வழக்கம்போல.
பின்கதவால் நுழைந்து, செருப்பைக் கழற்றி,
சாமி விளக்குக்குத் திரி கிள்ளி,
ஷட்டரைப் பிடித்த இடத்தில்
கை நின்றுவிட்டது.
வலி இல்லை. காய்ச்சல் இல்லை.
தூக்க வேண்டுமென்று கைக்குத் தெரிகிறது.
தூக்கவில்லை.

சீனி மூட்டையில் உட்கார்ந்தேன்.
பதினொரு வருஷத்தில் பகலில் இந்தக் கடையை
இருட்டாகப் பார்த்ததில்லை.
கருவாட்டு வாசமும் சவர்க்கார வாசமும்
ஆளில்லாத நேரத்தில் இப்படித்தான்
ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் போலிருக்கிறது.

வெளியே ஆள் சேர்ந்தது.
"அக்கா சாமான் எடுக்க அட்டன் போயிருக்கும்."
"நேத்து ராத்திரி பத்துக்கும் தொறந்துதானே இருந்துச்சு?"
"அதுக்கென்னடி, கடை நல்லா ஓடுது.
ஒரு நாள் மூடுனா கொறஞ்சா போயிரும்?"

ஓடுது.
கடை, சிமெந்து போட்ட இடத்திலேயே நிற்கிறது.
அப்புறம் யார் ஓடுவது,
மூச்சிரைப்பது யாருக்கு?
ஒருத்தரும் கேட்டதில்லை.
நானும் "ஆமா, ஓடுது" என்றே
மிச்சக் காசை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

போனைத் தராசுத் தட்டில் வைத்திருந்தேன்.
நூற்றித் தொண்ணூற்றாறு கிராம்.
இருட்டில் அந்தச் சிவப்பு இலக்கம் மட்டும் விழித்திருந்தது.
ஒன்பதுக்கு லீசிங் நிஷாந்த.
சத்தத்தை அமர்த்தியிருந்ததால் வெறும் அதிர்வு:
இருநூற்றொன்று, நூற்றித் தொண்ணூற்றொன்று,
இருநூற்றொன்று.
பிறகு அட்டன் மொத்தக்கடை தாஹிர் நானா,
வெள்ளிக்கிழமை செக்குக்காக.
பிறகு மா ஏஜென்ட்.
பிறகு மாத்தளையிலிருந்து இவர்,
சாப்பிட்டாயா என்று கேட்க, அல்லது காசு கேட்க.
யார் கூப்பிட்டாலும்
அதே ஐந்து கிராம்தான் ஏறி இறங்கியது.

கடன் கொப்பியை வைத்தேன். அறுநூற்று நாற்பது.
உள்ளே மூன்று லட்சத்துச் சொச்சம்.
சம்பளம் போட்ட அன்று
எதிர்க்கடை ஓரமாகக் குடை சாய்த்துப் போகிறவர்களை
குடையை வைத்தே அடையாளம் தெரியும் எனக்கு.
கூப்பிட்டுக் கேட்டால் லயம் முழுக்க நான் பொல்லாதவள்.
கேட்காவிட்டால் பத்தொன்பதாம் திகதி
நிஷாந்தவுக்குப் பொல்லாதவள்.

ஷட்டர் இடுக்கில் ஓர் இருபது ரூபாய்க் குத்தி
உருண்டு வந்து விழுந்தது.
"அக்கா, உள்ளதான் இருக்கீங்க. கால் தெரியுது."
டிலுக்‌ஷன். பள்ளிக்கூடம் போகாமல் திரிகிறான்.
"டொபி ஒண்ணு."
இடுக்கால் தள்ளினேன். யாரிடமும் சொல்லாதே என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அப்ப ரெண்டு தாங்க."
இந்தப் பசாரில் வியாபாரம் தெரிந்தவன்
அவன் ஒருவன்தான்.

அதன்பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு
தலையைத் தராசில் சாய்த்தேன்.
தட்டு சில்லென்றிருந்தது.
ஒரு மைசூர்ப் பருப்பு கன்னத்தில் குத்தியது.
கண்ணை ஓரமாக உருட்டிப் பார்த்தேன்:
நாலு கிலோ முந்நூற்றுப் பத்து.
பாத்திரத்தின் எடையைக் கழிக்கிற பொத்தான்
விரலுக்குப் பழக்கமான இடத்தில் இருந்தது.
அழுத்தினேன்.
பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தில் எவ்வளவு நேரம் தூங்கினேனோ.
தகரத்தில் மழை இறங்கித்தான் எழுப்பியது.

ஒன்றரைக்கு ஷட்டரைப் பாதி தூக்கினேன்.
தவமலர் குனிந்து உள்ளே வந்தாள்,
கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டபடி.
அரைக்கிலோ வெங்காயம்.
போட்டேன்.
மைனஸ் மூன்று எண்ணூற்றுப் பத்து.
அவள் எட்டிப் பார்த்தாள்.
"இதென்னக்கா, வெங்காயமும் கடன்லயா இருக்கு?"

சிரித்தேனா, ஞாபகமில்லை.
இன்னும் இரண்டு போட்டேன். இன்னும் மைனஸ்.
கைநிறைய அள்ளிப் போட்டேன்.
உருண்டு விழுந்ததையும் எடுத்துப் போட்டேன்.
"போதும்க்கா, அரைக்கிலோதான்" என்றாள்.
இலக்கத்தைப் பார்த்தபடி
போட்டுக்கொண்டே இருந்தேன்,
ஈரக் கையால் அவள் என் மணிக்கட்டைப் பிடிக்கும் வரை.